வயிற்றைக் கட்டி

கணக்குத் தலைப்பு 4417:
எடைக் குறைப்பு அறுவை.
பிப்ரவரியில் இருபத்திரண்டு பேர்.
மார்ச்சில் ஒன்பது.
ஏப்ரல் கட்டத்தில் ஒரு சுழியம்,
கொழுத்து, உருண்டு,
அந்தப் பக்கத்திலேயே எடை கூடியது
அது ஒன்றுதான்.

'விருப்ப அறுவைகள் அனைத்தும் ஒத்திவைக்கப்படுகின்றன'
என்றது சுற்றறிக்கை.
யாருடைய விருப்பம் என்று
அதில் இல்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து நான்
அனுமதிக் கடிதத்தைக் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
இரண்டு போலீஸ் தடுப்புகள் தாண்டி வந்து
நான்காம் மாடியில் தனியாக உட்கார்ந்து
கூட்டிக்கொண்டிருந்தேன்,
கழிக்க வேண்டியவற்றை.

மூன்றாம் அறுவைக்கூடத்தில்
முந்நூறு கிலோ தாங்கும் மேசை.
குத்தகை, மாதம் ஒன்பதாயிரத்து நானூறு ரிங்கிட்.
யாரும் படுக்காவிட்டாலும் அது சாப்பிடும்.
குளிரூட்டியை அணைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்றார்
பராமரிப்புப் பிரிவு ரோஸ்லி.
அதனால் ஒரு காலி அறையைப்
பதினெட்டு டிகிரியில் வைத்துக் காப்பாற்றினோம்.

இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் தோட்டாக்கள்
பெட்டி பெட்டியாக.
காலாவதி: செப்டம்பர்.
என் மேசையிலும் ஒரு ஸ்டேப்ளர்.
அது மட்டும் ஓயவில்லை.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதங்கள்.

டாக்டர் ஊய் வாரம் இருமுறை வந்து
வெற்று அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போவார்.
ஒருநாள் வாசலிலேயே நின்றார்.
"கனத்த உடம்புக்காரர்களைத்தான்
இந்த நோய் கடுமையாகப் பிடிக்கிறது.
அவர்களைத்தான் நாம் வீட்டுக்கு அனுப்பினோம்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், மிஸ் தேன்மலர்?"
'ஒத்திவைத்த வருமானம்' என்ற தலைப்பைத்
திரையில் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் வேடிக்கைக்குக் காட்டவில்லை.

முகுந்தராஜ், புக்கிட் மெர்தாஜாம்,
சுற்றுலா பஸ் ஓட்டுநர், நூற்று ஐம்பத்தொரு கிலோ,
முன்பணம் பன்னிரண்டாயிரம்.
தொலைபேசியில் வந்தார்:
"வாயைக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த பணம் மிஸ்."
சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்திருக்கும்.
ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது.
"வயித்தக் கட்டத்தான் கட்டினேன்.
இப்ப பஸ்ஸு மூணு மாசமா ஷெட்டுல.
வீட்ல இன்னும் நாலு வயிறு இருக்கு."

ஆறு மாதம் தள்ளு என்றார் மேலாளர்.
வேறு வழியும் இல்லை.
அந்தப் பன்னிரண்டாயிரம்
ஏப்ரல் சம்பளத்தில் கரைந்துவிட்டது,
தாதியருக்கு, ரோஸ்லிக்கு,
இருபது விழுக்காடு வெட்டியது போக
எனக்கு.
அன்றிரவு சோறு வடிக்கும்போது
இதில் எத்தனை பிடி அவருடையது என்று
கை நின்றது.
பிறகு வடித்தேன்.
சாப்பிட்டேன்.

விதிமுறையில் இடமில்லாத ஒன்றை மட்டும் செய்தேன்:
தினமும் காலையில் வந்ததும்
அவர் கடிதத்தை உருவி
கட்டின் மேலே வைத்தேன்.
மேலே ஒன்று ஏறினால்
கீழே ஒன்று அமுங்கும்.
அந்தப் பெயர்களை நான் படிக்கவில்லை.

ஆகஸ்டில் காசோலை போனது,
இரத்தப் பரிசோதனைக்கு நூற்றெண்பது கழித்து.
செப்டம்பரில் தோட்டாக்களை எண்ணி
நட்டத்தில் எழுதினோம்.

அடுத்த ஆண்டுக் கடைசியில் 4417 மறுபடி நிறைந்தது.
காத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே மாதத்தில்.
மேலாளர் கேக் வாங்கி வந்தார்.
எடைக் குறைப்புப் பிரிவில்
ஆளுக்கு ஒரு துண்டு.

விரலில் கிரீமோடு முகுந்தராஜை அழைத்தேன்.
பின்னால் ஹாரன், கதவு மூடும் காற்றுச் சத்தம்.
"வெல ஏறிடுச்சாமே மிஸ்?"
"ஆமாங்க. மூவாயிரம்."
"நானுந்தான் ஏறிட்டேன்.
பத்து கிலோ.
இருங்க, சிக்னல் விழுந்துருச்சு..."

வரி அப்படியே இருக்கிறது,
மஞ்சள் அடித்து.